ஓரக்கண்ணுக்கு மட்டும் தெரிந்த பல்பு

என் மனைவி சிங்கப்பூருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தபோது எங்கள் சமையலறை டியூப்லைட் உயிரை விட்டது. விடுவதற்கு முன் இரண்டு நாள் என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் அவள் இல்லை என்பது அதற்கும் தெரிந்துவிட்டது போல.

மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை வீட்டில் பெரியவர்கள் இல்லை. அதனால் பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, வத்தல், அரைத்துப் பொடித்த இன்னும் பலவற்றோடு என் மனைவி விமானம் ஏறினாள். முப்பது கிலோவுக்குள் நான் அடங்கவில்லை. அடங்கியிருந்தாலும் போயிருக்க முடியாது. நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வகத்தின் உதவியாளர். பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில். தினமும் காலையில் பஸ் ஏறிச் சிதம்பரம், மாலையில் பஸ் ஏறி வீடு. மூன்று மாதம்தான், திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் பெரிய மனதோடு தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு இருபத்தெட்டு வருட அனுபவம் உண்டு.

டியூப்லைட்டுக்குப் பதிலாகத் தேரடிப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் எல்.இ.டி. பல்பு வாங்கினேன். எனக்குத் தெரிந்த எலெக்ட்ரிக் கடை நாலு எட்டில் இருக்கிறது. இருந்தும் வண்டியில் வாங்கியதற்குக் காரணம், வண்டியில் விலை பாதி. விலை ஏன் பாதி என்பதை யோசிக்கிற ஆள் அப்போது சிங்கப்பூரில் இருந்தாள்.

அன்று மாலை கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் நாற்காலிக்கு இடப்பக்கம் சமையலறை வாசல். பேப்பரில் கண் இருக்கும்போது, இடது ஓரத்தில் யாரோ அசைவது போல் இருந்தது. கரண்டியோடு வெளியே வந்து, 'பால் பொங்குது, பாக்கக் கூடாதா' என்று கேட்கப் போகிறாள் என்று தலையைத் திருப்பினேன். பல்பு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. வாசலில் யாரும் இல்லை. மறுபடி பேப்பருக்குத் திரும்பினேன். மறுபடி அசைந்தது. இப்படி நாலு முறை. ஐந்தாவது முறை, பழக்கத்தில், "என்னா?" என்று கேட்டுவிட்டேன்.

பதில் வரவில்லை. வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பத்து நாள் இப்படியே போயிற்று. நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பார்க்காமல் விட்டால் அங்கே வெளிச்சம் நடுங்கியது, நிழல் நடமாடியது. கண் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அதுவும் அவள் இல்லாத நேரமாகப் பார்த்து. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அரை நாள் சொல்லிவிட்டு, சிதம்பரத்திலேயே ஒரு கண் டாக்டரைப் பார்க்கப் போனேன். என் மகள் வயது இருக்கும். சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்து, மின்மினி அளவு விளக்கை வைத்துக் கண்ணுக்குள் தேடு தேடென்று தேடினார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். எப்போலேர்ந்து இப்படித் தெரியுது?"

"பத்து நாளா டாக்டர்."

"பத்து நாள் முன்னாடி வூட்ல எதுனா மாத்தம் ஆச்சா?"

"மனைவி ஊருக்குப் போயிருக்காங்க."

"அது இல்ல சார். லைட்டு எதுனா மாத்துனீங்களா?"

நான் கன்னத்தில் வழிந்த சொட்டு மருந்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நேரா பாத்தா ஆடுதா?"

"ஆடல."

"ஓரத்துல?"

"ஆடுது."

"அப்போ கண்ணு கரெக்டா வேலை செய்யுது. பல்புதான் செய்யல." நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "கண்ணுல நடுப் பகுதி எழுத்து படிக்க, மொகம் பாக்க. நுணுக்கமா பாக்கும், ஆனா நிதானம். ஓரத்துக்கு எழுத்து கூட்டத் தெரியாது. ஆனா ஏதாச்சும் துடிச்சா மொதல்ல அதுக்குத்தான் தெரியும். சார் என்ன வேலை பாக்குறீங்க?"

"ஸ்கூல்ல இருக்கேன்."

"ஸ்கூல்ல?"

"ஃபிசிக்ஸ் லேப்புல."

அவர் சிரிக்கவில்லை. சீட்டு எழுதுவதற்காகக் குனிந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

குலுங்காமல் என்ன செய்யும்? எங்கள் ஆய்வகத்தில் தகரத்தில் செய்த ஒரு வட்டத் தட்டு உண்டு. ஏழு வண்ணம் பூசி, சுற்றுவதற்குக் கைப்பிடி வைத்தது. வேகமாகச் சுற்றினால் ஏழும் ஒன்றாகி வெளுத்துவிடும். வருடா வருடம் அதைச் சுற்றுவது நான்தான். வருடா வருடம் ஒரு பிள்ளை, "சார், இது வெள்ளையில்ல சார், அழுக்கு வெள்ளை" என்று சொல்லும். வருடா வருடம் நான் சொல்லும் பதில்: "கண்ணு ஒரு சோம்பேறி. பாத்தத ஒடனே கீழ வெக்காது. சிவப்ப வெக்கறதுக்குள்ள பச்ச வந்துடும், பச்சைய வெக்கறதுக்குள்ள நீலம் வந்துடும். எல்லாம் ஒண்ணாக் கலந்துடும்." இருபத்தாறு வருடமாக இதைச் சொல்கிறவன், சொந்த வீட்டில் பல்பு துடித்தால் கண் டாக்டரிடம் போகிறான்.

திரும்பும் பஸ்ஸில் எப்போதும் போல் இடப்பக்கம் உட்கார்ந்தேன். கடலூர்–சிதம்பரம் தினமும் போய் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். காலையில் தெற்கே போகும்போது வெயில் இடப்பக்கம். மாலையில் வடக்கே திரும்பும்போதும் வெயில் இடப்பக்கம். அதனால் விவரமானவர்கள் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இடப்பக்கம் எனக்கென்று காலியாக இருக்கும். அன்று மருந்து விட்ட கண்ணுக்கு வெயில் ஊசியாகக் குத்தியது. மூடிக்கொண்டேன். சாலையோர மரங்கள் வெயிலை வெட்டி வெட்டி இமைக்கு வெளியே போட, உள்ளே சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வந்தன. பஸ் வேகமெடுத்தபோது இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே செம்மண் நிறமாயின. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் வேகத்தடைக்காக மெதுவானபோது மறுபடி பிரிந்தன. ஒரு சிவப்பு. ஒரு கறுப்பு. அடுத்த சிவப்பு வருவதற்குள் கறுப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எண்ணலாம் போலிருந்தது.

இத்தனை வருடமாக என் மனைவியை நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டா இருந்தேன்? காலையில் ஒரு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். நடுவே அவள் கடைக்குப் போவாள், நான் பஸ்ஸில் தூங்குவேன். ஆனால் இடைவெளி இருந்ததாக நினைவே இல்லை. ஒரு முறை பார்த்தது மங்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. இந்த அளவுக்கு யோசித்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது. கண்ணைத் திறந்து வெயிலையே பார்த்தேன். அதற்குப் பிறகு ஆலப்பாக்கம் வரை கண்ணீர் வந்தது. சொட்டு மருந்துதான் காரணம்.

வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்துக் கூடத்து விளக்கின் கீழே விசிறி போல் ஆட்டினேன். ஒரே மங்கலான கீற்றாகத் தெரிந்தது. சமையலறைப் பல்பின் கீழே ஆட்டினேன். தனித்தனியாகப் பத்து ஸ்கேல். சந்தேகமே இல்லை. பல்பு அணைந்து அணைந்து எரிகிறது. எரியும் நேரத்தில் மட்டும் ஸ்கேல் தெரிகிறது. கையை ஆட்டினேன். பத்துப் பன்னிரண்டு கை. எங்கள் வீட்டில் அந்த மாதத்தில் கூடிய ஒரே கூட்டம் அதுதான்.

மறுநாளே பல்பை மாற்றியிருக்க வேண்டும். மாற்றத்தான் இருந்தேன். அதற்குள் அன்று மாலை வீடியோ கால் வந்தது.

அந்தக் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் தினமும் வந்தது. பேரன் பிறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு என்று சுருங்கியது. வந்தாலும் போனைக் குழந்தையின் பக்கம் திருப்பிவிடுவார்கள். நான் ஒரு குட்டிக் காலிடம் பேசியிருக்கிறேன். தொட்டில் துணியிடம் பேசியிருக்கிறேன். ஒருமுறை கட்டிலில் வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள், சிங்கப்பூர் சீலிங் ஃபேனிடம் எட்டு நிமிடம் பேசினேன். நல்ல ஃபேன், குறுக்கே பேசவில்லை. அன்று ஏதோ அதிசயமாக ஞாயிறு இல்லாமலே கூப்பிட்டார்கள். அடுப்பில் ரசம் இருந்ததால் சமையலறையிலேயே போனை எடுத்தேன்.

"ஏங்க, உங்க மொகத்துல என்னா கோடு கோடா ஓடுது?" என்றாள் மனைவி.

"எங்க?"

"மேலேர்ந்து கீழ. கறுப்பா. இதோ மூக்குகிட்ட வந்துடுச்சி."

"நெட்வொர்க்குமா" என்று பின்னாலிருந்து மகளின் குரல்.

"நெட்வொர்க்குன்னா அப்படியே நிக்கும்டி. இது ஓடுது. உங்கப்பா மொகம் அணைஞ்சி அணைஞ்சி எரியுது பாரு."

எனக்குத் தெரியும். போன் கேமரா படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக எடுக்கிறது. பல்பு அணைகிற நேரத்து வரிகள் கறுத்துவிடும். என் கண்ணின் சோம்பேறித்தனம் மூடி மறைப்பதை அது அப்பட்டமாகக் காட்டுகிறது. சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஒழுங்கா சாப்புடுறீங்களா? தூங்குறீங்களா?"

அந்தக் கேள்வியைக் கேட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல" என்றேன். ஏதோ இருக்கிறது என்று கேட்பவருக்குப் புரியும்படியான 'ஒண்ணுமில்ல'.

மறுநாள் மாலை ஆறரைக்குப் போன் வந்தது. அங்கே ஒன்பது மணி. அதற்கு மறுநாளும் வந்தது. குழந்தைக்குப் பசி, குளியல், எதுவும் குறுக்கே வரவில்லை. போனில் என் முகம்தான். நான் முழு நேர நடிகனாகிவிட்டேன். எல்லா வீடியோ காலும் சமையலறையில்தான். மல்லித்தூள் டப்பாவில் போனைச் சாய்த்து, பல்புக்கு நேர் கீழே முக்காலியைப் போட்டுக்கொள்வேன். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தால் கோடு இன்னும் தடிமனாக விழுகிறது என்று கண்டுபிடித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் முகத்தை இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

இதற்கிடையில் எலெக்ட்ரிக் கடைக்காரர் ஒரு சாயந்தரம் வந்தார். பக்கத்துத் தெரு பாய். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் வீட்டில் பிரியாணி செய்தால் எனக்கு ஒரு தூக்கு வரும். தூக்கைச் சமையலறையில் வைத்தவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"மாமா, இத எங்க வாங்குனீங்க? வண்டிலயா?"

"ஏன் மாப்ள?"

"பாதி செத்துடுச்சி. நல்ல பல்பே செகண்டுக்கு நூறு தடவ மங்கும், யாருக்கும் தெரியாது. இது அம்பதுதான். இதுக்குக் கீழ நின்னா தலவலி ஜாஸ்தியாவும். கழட்டிப் போடுங்க, நான் ஒண்ணு சும்மாவே தரேன்."

"இருக்கட்டும்."

"சும்மா தரேங்குறேன் மாமா."

"இருக்கட்டும்னு சொல்றன்ல."

சும்மா கொடுப்பதை நான் வேண்டாம் என்று சொல்லி அவர் பார்த்ததே இல்லை. வாசல் வரை போய்த் திரும்பி, "அக்கா இல்லாம உங்களுக்கு முத்திடுச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அந்தப் பேச்சு வந்தது. மகளுக்கு லீவு முடிகிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் இன்னும் மூன்று மாதம் கழித்துத்தான் இடம் கிடைக்குமாம். அதுவரை அம்மா இருக்க முடியுமா என்று கேட்கிறாள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள் மனைவி. "இருன்னா இருக்கேன். வான்னா வரேன்."

வா என்று சொல்லியிருக்கலாம். இரு என்று சொல்லியிருக்கலாம். இரண்டுமே மானமுள்ள பதில்கள். நான் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆய்வகத்தில் இருந்தபோது மகள் கூப்பிட்டாள். வீடியோ இல்லை. படிக்கட்டிலிருந்து பேசுகிறாள் போல, குரல் எதிரொலித்தது.

"அப்பா, அம்மாவுக்குத் தெரியாம பேசுறேன். உனக்கு ஒடம்புக்கு என்னா?"

"ஒண்ணுமில்லம்மா."

"இதேதான் தினம் சொல்ற. அம்மா பெட்டிய கட்டிட்டாங்க. டிக்கெட் போடச் சொல்லிட்டாங்க. நான் வேலைய விட்டுடறதா ஆபீசுல சொல்லப் போறேன். அதப் பத்தி ஒண்ணும் இல்ல, வேற வேல கெடைக்கும். நீ மட்டும் என்னான்னு சொல்லிடு. டாக்டர்கிட்ட போனியா? போயிருப்ப, எனக்குத் தெரியும். அவுங்க என்னா சொன்னாங்க?"

மேசை மேல் வண்ணத் தட்டு இருந்தது. அவள் ஏழாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை என்னோடு இங்கே வந்து, சுற்றிய சுற்றில் அதன் கைப்பிடியைக் கழற்றிவிட்டாள். அதற்கு நான் கட்டிய கம்பி இன்னும் இருக்கிறது. படித்து, தானே தேடி, தானே பிடித்த வேலை அவளுடையது.

"பல்பு" என்றேன்.

"என்னா?"

"சமையக்கட்டு பல்பும்மா. கெட்டுப்போன பல்பு. கேமராவுல கோடா விழுவுது. எனக்கு ஒண்ணும் இல்ல. டாக்டரும் அதான் சொன்னாங்க."

படிக்கட்டில் அவள் உட்காருவது கேட்டது.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"மொத நாள்லேர்ந்து."

"ஏன்ப்பா?"

"பெல் அடிச்சிட்டாங்க, வெக்கிறேன்" என்றேன். பெல் அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவளும் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான்.

"அம்மாகிட்ட நீயே சொல்லிடு" என்றாள். "நான் சொன்னா என்னத்தான் திட்டுவாங்க."

அன்று மாலை பாய் கடைக்குப் போனேன். "தலவலி வந்துடுச்சா மாமா?" என்று கேட்டுவிட்டு நல்ல பல்பாக எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டார். சும்மா கொடுக்கிற நாள் முடிந்துவிட்டதாம். மாட்டிவிட்டு ஸ்கேலை ஆட்டிப் பார்த்தேன். ஒரே கீற்று. மல்லித்தூள் டப்பாவில் போனைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

அவள் திரையில் வந்தாள். ஏதோ சொல்ல வந்தவள் நிறுத்திவிட்டாள். அந்த இடைவெளியில் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். தள்ளுவண்டி, கண் டாக்டர், ஸ்கேல், இடப்பக்கச் சாய்வு. திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டே சொன்னேன். முடித்த பிறகும் திட்டு வரவில்லை. அவள் கேட்டதாகவே தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் கிட்ட வாங்க."

போனேன்.

"கண்ணாடிய கழட்டுங்க."

கழற்றினேன்.

"கன்னம் எங்க போச்சு?"

திரையின் மூலையில் இருந்த என் குட்டிப் படத்தை அப்போதுதான் பார்த்தேன். ரசமும் அப்பளமும் இரண்டரை மாதத்தில் செய்த வேலை அங்கே தெரிந்தது. நாலு நாள் தாடி, முழுக்க வெள்ளை. சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் தள்ளி நின்றது. வீட்டுக் கண்ணாடி இருட்டு மூலையில் இருக்கிறது, அது எனக்குச் சொன்னதில்லை. ஓடிய கோடுகள் அவளுக்கும் சொல்லவில்லை. இல்லாத நோயைக் காட்டுவதாக நினைத்து, இருந்ததை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அந்தப் பழைய பல்பையே மாட்டுங்க" என்றாள். "இத என்னால பாக்க முடியல."

இருவரும் சிரித்தோம். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது.

"நீ அங்கயே இரு" என்றேன். "அவ வேலைக்குப் போவட்டும்."

"வரச் சொல்லுங்களேன், வரேன்."

"சொல்லணும்னுதான் இருக்கு. அதனாலதான் சொல்ல மாட்டேன்."

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பிறகு சட்டம் போட்டாள். "அப்போ நாளைலேர்ந்து இந்த எடத்துலயே ஒக்காந்து, என் கண்ணு முன்னால சாப்புடணும். ரசம் மட்டும்னா சேத்தி இல்ல."

அப்படித்தான் நடக்கிறது. தினமும் ஆறரைக்கு மல்லித்தூள் டப்பாவுக்கு முன்னால் நான் தட்டோடு உட்காருகிறேன். சாம்பார் எங்கே, பொரியல் எங்கே என்று சிங்கப்பூரிலிருந்து விசாரணை நடக்கிறது. மகள் வேலைக்குப் போகிறாள். பேரன் பின்னணியில் அழுது தன் வருகையைப் பதிவு செய்கிறான். காலர் கழுத்தை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அவள் வர இன்னும் ஏழு வாரம்.

ஏழு மணிக்குப் போன் அணைகிறது. நான் கூடத்துக்கு வந்து பேப்பரை எடுக்கிறேன். புதுப் பல்பை மாட்டிய முதல் வாரம், சமையலறை வாசலில் வெளிச்சம் கல் மாதிரி நின்றது. பேப்பரை எத்தனை பக்கம் புரட்டினாலும் இடது ஓரத்தில் ஒன்றும் அசையவில்லை. வீட்டில் ஆள் இல்லை என்பது அப்போதுதான் எனக்குச் சரியாக உறைத்தது.

கெட்ட பல்பைத் தூக்கி எறிந்தீர்களா என்று அவள் நேற்று கேட்டாள். எறிந்துவிட்டேன் என்று சொன்னேன். உண்மையில் அது இப்போது சமையலறையை ஒட்டிக் கொல்லைப்பக்கம் போகும் நடையில், என் நாற்காலிக்கு இடப்பக்கம் எரிகிறது. பேப்பர் படிக்கும்போது ஓரத்தில் யாரோ வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் திரும்புவதில்லை.